பதினோரு ஓட்டைச் சுவர்

உ
வெயிலுகந்தம்மன் துணை

கீழ ஓடைக்கரை,
25.4.1999

மேல ஓடைக்கரை ராஜமணிக்கு, கூடப் பிறந்த பாவத்துக்கு வெயிலுகந்தம்மாள் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. உன் ஆடுகளைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நன்றாகக் கொழுத்திருக்கின்றன. என் செடியைத் தின்று கொழுத்தவை.

பன்னிரண்டு வருஷம் வாய் திறக்காதவள் இப்போது எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று நீயும் உன் பெண்டாட்டி பொன்மணியும் உட்கார்ந்து யோசிப்பீர்கள். யோசிக்க வேண்டாம். நான் சத்தியத்தை மீறவில்லை. என் மகள் சுடலைச்செல்வியை உன் மகன் லிங்கராஜுக்கு எடுப்பதாக எட்டு வருஷம் சொல்லிவிட்டு, கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ்காரர் வீட்டில் நீ சம்பந்தம் பேசி முடித்த வாரம், அம்மன் கோயிலில் நீயும் நானும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தோம். "முந்திப் பேசுதவுக கண்ணு அவிஞ்சு போவட்டும்" என்று சொன்னது நான். "சரி" என்றது நீ. பேசக் கூடாது என்பதுதான் சத்தியம். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பூசாரி அழகிரிசாமியிடமும் கேட்டுவிட்டேன். எழுத்துக்கு வாய் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

ஆகவே எழுதுகிறேன். என் மகன் மணிராஜ் மஸ்கட்டிலிருந்து வீட்டைப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறான். பேத்தி விஜிக்குத் தை மாதம் கல்யாணம். கூரை ஓடுகளை எடுத்துவிட்டு மேலே தளம் போட்டாயிற்று. அடுத்தது ஓடைப் பக்கத்துத் தோட்டம். முள்வேலியைப் பிடுங்கி, மேட்டை வெட்டிச் சமப்படுத்தி, செவக்காட்டு மண் எட்டு டிராக்டர் அடித்து, குரோட்டன்ஸ் இருபது, அரளி பத்து, ஒரு பந்தல் மல்லிகை வைத்தேன். வைத்த மூன்றாம் நாள் உன் ஆடு ஓடையில் இறங்கி ஏறி வந்து அரளியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் மேய்ந்துவிட்டது. அரளி விஷம் என்று ஆட்டுக்குத் தெரிகிறது. அடுத்தவர் செடியைத் தின்னக் கூடாது என்றுதான் தெரியவில்லை. வளர்த்தவன் எப்படியோ அப்படி.

இனி அந்தத் தொல்லை இல்லை. என் கரை நீளத்துக்கும் கல்கட்டு கட்டி, அதன் மேல் ஆள் உயரத்துக்குச் செங்கல் சுவர் எழுப்பி, உச்சியில் கண்ணாடிச் சில்லு பதிக்கப் போகிறேன். உன் ஆடும் உன் பார்வையும் இந்தப் பக்கம் வராது.

உன் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவில் நாற்பது அடி ஓடை. இந்தக் கடிதம் கடம்பூர் போய் முத்திரை குத்திக்கொண்டு மூன்று நாள் கழித்து உன்னிடம் வரும். வரட்டும். எனக்கு அவசரமில்லை.

இப்படிக்கு,
ச. வெயிலுகந்தம்மாள்


மேலக்கரை,
30.4.1999

கீழக்கரை அம்மையார் அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தபால்காரர் நந்தகோபால் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொடுத்தார். எதிர் வீட்டிலிருந்து எதிர் வீட்டுக்கு ஸ்டாம்பு ஒட்டி வந்த கடிதத்தை அவர் இருபத்திரண்டு வருஷ சர்வீசில் பார்த்ததில்லையாம்.

அஞ்சாம் வகுப்பு படித்த கையெழுத்து இன்னும் முத்து முத்தாகத்தான் இருக்கிறது. உள்ளே எழுதியிருப்பதுதான் முள்.

ஆடு மேய்ந்தது உண்மை. ஆனால் அது ஓடையில் இறங்கியதால் வரவில்லை. நீங்கள் முள்வேலியைப் பிடுங்கியதால் வந்தது. நாற்பது வருஷமாக அந்த வேலிக்குள் ஒரு ஆடு நுழைந்ததா? உடைமுள்ளை விட மஸ்கட் அழகு என்று யார் சொன்னது?

சுவர் விஷயம் வேறு. அது விளையாட்டு இல்லை. இது கண்மாய் நிறைந்து வழிந்தால் மறுகால் போகிற ஓடை. மறுகால் விழுந்தால் தண்ணீர் எந்தக் கரையில் இடம் கிடைக்கிறதோ அங்கே படுக்கும். உங்கள் கரையைக் கல்லால் கட்டினால் அது என் கரையில் வந்து முட்டும். என் தொழுவமும் சோளத்தட்டை அடுக்கிய படப்பும் கரை ஓரத்தில்தான் இருக்கின்றன. கட்டுகிறவர் நாலு அடி உள்ளே தள்ளிக் கட்டட்டும். இல்லையென்றால் நான் தாலுகா ஆபீசில் மனுக் கொடுப்பேன்.

சுடலைச்செல்வி விஷயத்தை எழுதியிருக்கிறீர்கள். அவள் இப்போது மணியாச்சியில் ரயில்வே குவார்ட்டர்ஸில் நன்றாக இருக்கிறாள். என் மகனோ மாமனார் தீப்பெட்டி ஆபீசில் லாரி லோடு எண்ணுகிறான். தப்பித்தது யார் என்று ஒரு தரம் யோசியுங்கள்.

இப்படிக்கு,
ராஜமணி


கீழக்கரை,
6.5.1999

ராஜமணிக்கு,

அம்மையாராம், தாங்களாம். இந்த மரியாதையை எட்டு வருஷம் வாக்குக் கொடுத்தபோது காட்டியிருக்க வேண்டும்.

தாலுகா ஆபீசுக்குப் போ. நான் முன்னாலேயே போய்விட்டேன். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்துக் கல் நட்டுவிட்டுப் போனார். என் எல்லை ஓடை விளிம்பு வரை. நாலு அடி அல்ல, நாலு விரல் கூட உள்ளே தள்ள மாட்டேன். அப்பா பாகம் பிரித்தபோது நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிற மேலக்கரையை ஆம்பளைப் பிள்ளை என்று உனக்குக் கொடுத்தார். எனக்கு உப்புத் தண்ணீரும் ஓடைக்கரையும். கிடைத்த கரையை நான் எப்படி வேண்டுமானாலும் கட்டுவேன்.

படப்பைத் தள்ளிப் போட உனக்கு ஆள் இல்லையா? எவன் ஓடைக்கரையில் படப்பு போடுகிறான்?

சுடலைச்செல்வி நன்றாக இருக்கிறாள் என்று நீ எனக்கு எழுத வேண்டாம். அது எனக்குத் தெரியும். அவள் நன்றாக இருப்பதால் நீ செய்தது சரியாகிவிடாது.

கொத்தனார் உச்சிமாகாளி திங்கட்கிழமை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறான். உன் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்காதே. அவனுக்கு வெட்கமாக இருக்குமாம்.

வெயிலுகந்தம்மாள்


மேலக்கரை,
20.6.1999

அம்மையார் அவர்களுக்கு,

எட்டிப் பார்க்க வேண்டாம் என்றீர்கள். கண் இருக்கிறது, எதிரே நடக்கிறது. பார்க்காமல் என்ன செய்ய?

பார்த்ததைச் சொல்கிறேன். கேட்காவிட்டால் போங்கள். உச்சிமாகாளி வீடு கட்டத் தெரிந்தவன். ஓடைக்கரை கட்டத் தெரிந்தவன் இல்லை. கத்திரி வெயிலில் வெடித்த மண்ணில் வானம் தோண்டி, தோண்டிய கரிசல் மண்ணையே கல்லுக்குப் பின்னால் போட்டுத் திம்சுக்கட்டையால் இடிக்கிறான். அந்த வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை போகும். கரிசல் மண் காய்ந்தால் கல். நனைந்தால் நிறைமாதக்காரி வயிறு. ஊதும். ஊதினால் எதிரே இருப்பதைத் தள்ளும்.

கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டு அடிக்குச் சரள் நிரப்பச் சொல்லுங்கள். கல்கட்டில் நாலு அடிக்கு ஒரு ஓட்டை விட்டிருக்கிறான், அதை மட்டும் சரியாகச் செய்திருக்கிறான். அதை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இறங்குகிற தண்ணீர் அது வழியாகத்தான் வடிய வேண்டும்.

இது உங்கள் மேல் அக்கறையில் எழுதியது இல்லை. சுவர் விழுந்தால் ஓடைப் பக்கம்தான் விழும். ஓடையை மறித்தால் வெள்ளம் என் தொழுவத்துக்குள் வரும். என் மாட்டுக்காக எழுதினேன்.

ராஜமணி


கீழக்கரை,
27.6.1999

ராஜமணிக்கு,

உன் மாட்டுக்காக எழுதினாயா, ரொம்ப சரி. மாடு வாசிக்கட்டும்.

கல்கட்டில் ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ எழுதிய பிறகுதான் இறங்கிப் போய் எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. ஒவ்வொன்றும் பெருச்சாளி நுழைகிற அளவு. ஓடையில் இருக்கிற நாகமும் சாரையும் என் மல்லிகைப் பந்தலுக்கு வர வாசல் வைத்துக் கொடுத்திருக்கிறான். அது இருக்கட்டும் என்று நீ சொல்கிறாய். நீ இருக்கட்டும் என்று சொல்வது எனக்கு நல்லதாக என்றைக்கு இருந்தது?

அன்றைக்கே உச்சிமாகாளியைக் கூப்பிட்டுப் பதினொன்றையும் சிமெண்டு வைத்துப் பூசி அடைக்கச் சொல்லிவிட்டேன். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆத்தா, உள்ள எறங்குத தண்ணி எங்கன வழியா போவும்?" என்று கேட்டான்.

"மேலக்கரையில எந் தம்பி வாயத் தொறந்துகிட்டு நிக்கான்லா, அதுக்குள்ள போவட்டும். நீ பூசுலே" என்றேன்.

சிற்றாட்கள் ரெண்டு பேரும் சிமெண்டுச் சட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். உன்னைப் பற்றி ஊர் சிரித்துக் கேட்டு எனக்கும் கொஞ்ச நாள் ஆகிவிட்டது.

சரளும் போடவில்லை. மண்ணுக்கு மண்தான் சேரும். செங்கல் சுவர் மேலே ஏழு வரி ஏறிவிட்டது. கண்ணாடிச் சில்லுக்குப் பழைய சோடாப் பாட்டில் மூன்று சாக்கு வாங்கி உடைத்து வைத்திருக்கிறேன். ஓடைக்கு இறங்கப் படி நாலு, படிக்கு இரும்புக் கதவு, கதவுக்குத் திண்டுக்கல் பூட்டு. சாவி என் இடுப்பில்.

வெயிலுகந்தம்மாள்


மேலக்கரை,
16.9.1999

அம்மையாருக்கு,

உங்கள் இரும்புக் கதவின் கம்பி இடுக்கில் தெரிகிற அளவில் பார்த்தேன். மறுபடி வைத்த குரோட்டன்ஸ் இலை நுனி எல்லாம் கருகிவிட்டது. உப்புத் தண்ணீர் ஊற்றினால் கருகத்தான் செய்யும். மஸ்கட்டில் கடல் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றுவார்கள் என்று கேள்வி. உங்கள் மகனிடம் அந்த அடுப்பையும் அனுப்பச் சொல்லுங்கள்.

நான் என் கரை நெடுக நொச்சி ஊன்றிவிட்டேன். நூறு குச்சி. அதற்குக் கொத்தனாரும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். ஆடு தின்னாது. வேர் பிடித்துவிட்டால் வெள்ளம் பிடுங்காது. தண்ணீர் வந்தால் படுத்துக்கொள்ளும், போனபின் எழுந்துகொள்ளும். அப்பா அந்தக் காலத்தில் வைத்திருந்ததும் நொச்சிதான். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. உங்களுக்குச் சத்தியம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

ராஜமணி


கீழக்கரை,
23.9.1999

ராஜமணிக்கு,

நொச்சி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த நொச்சிக் கம்பைத்தான் ஒடித்து அப்பா உன்னை அடிப்பார். முன்னால் போய் நின்று பாதி அடியை நான்தான் வாங்குவேன். அது உனக்கு ஞாபகம் இருக்காது.

என் குரோட்டன்ஸைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். கருகினதைக் கிள்ளிவிட்டேன். மல்லிகை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை முதல் பூ பறித்து அம்மனுக்குப் போட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நிச்சயத்துக்கு வந்தபோது தோட்டத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாள் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "கோட்டை மாதிரி கட்டியிருக்கீங்களே" என்றாள். எதிர்க்கரையில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டாள். யாரோ மாட்டுக்காரர் என்று சொன்னேன்.

விஜி கல்யாணத்துக்கு உனக்குப் பத்திரிகை வராது. மணிராஜ் எழுதியிருக்கிறான், மாமாவுக்கு வைக்க வேண்டாமா என்று. வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

வெயிலுகந்தம்மாள்


மேலக்கரை,
24.11.1999

வெயிலுகந்தம்மாளுக்கு,

போதுமா?

மூன்று நாளாகச் சேற்றில் நின்றுவிட்டு இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். என் படப்பு முழுதும் போயிற்று. இரண்டு வண்டிச் சோளத்தட்டை. தொழுவத்தில் ஒரு சுவர் இல்லை. மாட்டை அவிழ்த்து விட்டதால் மாடு பிழைத்தது. நொச்சி வைத்திருந்த இடம் மட்டும் கரையாமல் நிற்கிறது. கீழக்கரை ராணியின் கோட்டை இப்போது ஓடையில் படுத்துக்கிடக்கிறது. கண்ணாடிச் சில்லு என் மாட்டின் குளம்பில் ஏறியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மறுகால் விழுந்து ஓடை நிறைந்து போகிறது. நான் இந்தக் கரையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கிறேன். உன் சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்பது இங்கிருந்து தெரிகிறது. நாலு நாள் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, வடிய வழியில்லாமல், கரிசல் ஊதித் தள்ளுகிறது. அந்த நேரத்தில் நீ தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு வந்து, சுவரை ஒட்டி உட்கார்ந்து, மல்லிகைக் கொடியைப் பந்தலிலிருந்து அவிழ்க்கிறாய். இரும்புக் கதவு விழுந்து திறந்து கிடக்கிற வழியாக எனக்கு எல்லாம் தெரிகிறது. அறுபத்தாறு வயதில் ஒரு கொடிக்காக.

கையை ஆட்டினேன். கல்லை எறிந்தேன். நீ திரும்பவில்லை. அப்புறம் சத்தியமாவது மண்ணாவது என்று கத்திவிட்டேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீ எழுந்தாய். எட்டு அடி வைத்திருப்பாய். சுவர் பந்தலோடு ஓடைக்குள் போனது.

பதினோரு ஓட்டையை அடைத்தாயே, அந்தப் புத்தியை எந்த வகுப்பில் படித்தாய்?

ராஜமணி


கீழக்கரை,
29.11.1999

ராஜமணிக்கு,

கல்கட்டு என்னுடையது, சுவர் என்னுடையது, மல்லிகையும் என்னுடையது. விழுந்ததற்கு நான் அழுதுகொள்கிறேன். நீ கணக்குக் கேட்க வேண்டாம். உன் படப்பை ஓடைக்கரையில் போடாதே என்று மே மாதமே எழுதியிருக்கிறேன். எடுத்துப் பார்.

ஆனால் ஒன்று எழுதியிருக்கிறாய் பார், அதை நான் மூன்று தரம் வாசித்தேன். விஜியையும் வாசிக்கச் சொன்னேன். நீ கத்தினாயாம். நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய்.

பன்னிரண்டு வருஷம் ராஜமணி. அம்மாவுக்குத் திதி கொடுத்த அன்று ஒரே கூரையடியில் நின்றோம், நான் வாய் திறக்கவில்லை. எனக்குக் கர்ப்பப்பை எடுத்துக் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ வாசல் வரை வந்து நின்றுவிட்டுப் போனாய், நர்ஸ் சொன்னாள், நான் கூப்பிடவில்லை. எத்தனை வார்த்தையை விழுங்கியிருக்கிறேன் தெரியுமா? எல்லாம் நீ முந்திப் பேசுவாய் என்றுதான்.

நான் அன்றைக்கு எழுந்தது உன் குரல் கேட்டா, இல்லை நானாகத்தான் எழுந்தேனா என்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வேன். மார்கழி முதல் வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் ஊர் கூடும் அல்லவா? அங்கே வைத்துச் சொல்கிறேன். வாக்குத் தவறுகிறவன் யார் என்று எல்லோரும் கேட்கட்டும்.

வெயிலுகந்தம்மாள்


மேலக்கரை,
9.12.1999

அக்காளுக்கு,

வரி கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள். பொன்மணிக்கு எழுதத் தெரியாது, லிங்கராஜை எழுதச் சொல்ல மனமில்லை. நானே எழுதுகிறேன்.

வெள்ளம் வடிந்த வாரத்திலிருந்து வலது கண்ணில் பனி மூட்டம் போல இருந்தது. சேற்றுத் தண்ணீர் பட்டது என்று நினைத்தேன். இப்போது அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. இடது கண்ணும் மங்குகிறது. கோவில்பட்டிக்குப் போய்க் காட்டினேன். டாக்டர் புரை என்கிறார். ரெண்டு மூன்று வருஷமாக வளர்ந்திருக்கும், இப்போதுதான் முற்றியிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் தெரியும் என்கிறார். இருபதாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் சொன்னதை நான் நம்புகிறேன். பகலில் நம்புகிறேன். பொன்மணி நம்பவில்லை. அவள் அன்றைக்கு என் பக்கத்தில்தான் நின்றாள். நான் கத்தியதும் அவள் செய்த முதல் காரியம் என் வாயைப் பொத்தியதுதான். "அவிய சொன்ன சொல்லு பலிச்சிரும்" என்று அன்றிலிருந்து சாப்பிடாமல் கிடக்கிறாள். அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பயம் வந்துவிட்டது. இந்தப் பயத்தோடு போய்க் கத்திக்குக் கண்ணைக் காட்ட எனக்குத் தைரியம் இல்லை.

பூசாரி அழகிரிசாமியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் சொன்னார்: "பேசுனா மட்டும் பேச்சில்ல அண்ணாச்சி. அடுத்தவுக காதுல விழுந்தாத்தான் பேச்சு. விழலைன்னா அது காத்தோட போன வெறும் சத்தம். அக்காட்டக் கேட்டு வாங்க. அவிய கேக்கலைன்னு சொல்லிட்டா சத்தியம் முறியல. கேட்டேன்னு சொல்லிட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

ஆகவே கேட்கிறேன். மார்கழி முதல் வெள்ளிக்கிழமை நீ என்ன சொல்லப் போகிறாய் என்று முன்னாலேயே எழுதிவிடு. நீ ஜெயித்துவிட்டாய் என்று ஊருக்குச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. சுடலைச்செல்வி விஷயத்தில் நான் வாக்குத் தவறியவன்தான். லிங்கராஜ் அப்போது அழுதான், அதையும் நான் கேட்கவில்லை. அதை உன்னிடம் வாயால் சொல்ல முடியாமல் சத்தியம் செய்துவிட்டோம்.

உண்மை எதுவோ அதை எழுது. எனக்காகப் பொய் வேண்டாம். ஆனால் கத்தியதற்கு நான் வருத்தப்படவில்லை. மறுபடி அந்தச் சுவர் அப்படி நின்றால் மறுபடியும் கத்துவேன்.

தம்பி
ராஜமணி


உ
வெயிலுகந்தம்மன் துணை

கீழக்கரை,
13.12.1999

மேல ஓடைக்கரை ராஜமணிக்கு, வெயிலுகந்தம்மாள் எழுதுவது.

ஆடி அசைந்து வருகிற தபாலை நம்பவில்லை. நந்தகோபாலை வாசலில் நிறுத்திவைத்து எழுதிக் கொடுக்கிறேன். இன்றைக்கே மேலக்கரையில் சேர்க்காவிட்டால் அவருக்கு இந்த வீட்டில் இனி மோர் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் சுவர் விஷயம். பதினோரு ஓட்டையையும் அடைத்தது நான். பாம்பு வரும் என்று எழுதியது சாக்கு. நீ இருக்கட்டும் என்று சொன்னாய், அதனால் அடைத்தேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். உச்சிமாகாளி மேல் குற்றமில்லை. விழுந்த கல்லில் உன் பக்கம் உருண்டது எல்லாம் உன்னது. தொழுவச் சுவருக்கு வைத்துக்கொள். உச்சிமாகாளியையும் வெள்ளி கழித்து அனுப்புகிறேன். இந்தத் தடவை சரள் போடச் சொல்லியிருக்கிறேன்.

மறுபடி நான் சுவர் கட்டவில்லை. மணிராஜுக்கு எழுதிவிட்டேன். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எதிர்க்கரையைப் பார்த்துவிட்டுப் போகட்டும். பொன்மணியிடம் நொச்சிக் குச்சி ஐம்பது கொடுத்தனுப்பு. கேட்கவில்லை, கொடுத்தனுப்பு என்று சொல்கிறேன். மணிராஜ் பத்திரிகை அனுப்புவான். அதை நான் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். இதைப் பூசாரி அழகிரிசாமியிடம் கொடுத்து, வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்.

வெயிலுகந்தம்மாளாகிய நான் என் பேர்க்காரி சன்னிதியில் சொல்வது என்னவென்றால், கார்த்திகை மாதம் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெள்ளம் வந்தபோது நான் தோட்டத்தில் இருந்தேன். மழைச் சத்தமும் ஓடைச் சத்தமும் தவிர என் காதில் வேறொன்றும் விழவில்லை. கொடியை அவிழ்க்க முடியவில்லை, இடுப்பு வலித்தது, நானாகத்தான் எழுந்தேன். மேலக்கரையிலிருந்து யாரும் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. பன்னிரண்டு வருஷச் சத்தியம் இன்னும் முறியாமல் அப்படியே இருக்கிறது. எந்தக் கண்ணுக்கும் எந்தக் குற்றமும் இல்லை.

இப்படிக்கு,
ச. வெயிலுகந்தம்மாள்
(அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். சொந்தக் கையெழுத்து.)

  

——————

மேலே போட்டிருக்கிற கோட்டோடு கிழித்து மேல் பாதியைப் பூசாரியிடம் கொடு. இந்தக் கீழ்ப் பாதியை யாருக்கும் காட்டாமல் அடுப்பில் போட்டுவிடு.

நீ பொய் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நான் எழுதியது பொய்யா உண்மையா என்பது எனக்கும் என் பேர்க்காரிக்கும் நடுவில் உள்ளது. நாங்கள் பேசித் தீர்த்துக்கொள்கிறோம். அவளோடு பேச மாட்டேன் என்று நான் சத்தியம் செய்யவில்லை. இருபதாம் தேதி தைரியமாகப் போய்ப் படு. பொன்மணியைச் சாப்பிடச் சொல்.

கண் தெரிந்து வந்த பிறகு கோயிலுக்கு வா. இரண்டு பேருமாகக் கற்பூரம் ஏற்றிச் சத்தியத்தை எடுத்துவிடலாம். அதுவரை வாயைத் திறக்காதே. அவசரக்காரன் நீ.

எனக்கு எதுவும் கேட்கவில்லை ராஜமணி. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நாலு வயது மூத்தவளை, அதுவும் பேத்திக்குக் கல்யாணம் வைத்திருக்கிறவளை, எவ்வளவு பெரிய வெள்ளம் வந்தாலும், "ஏட்டி வெயிலா" என்று கூப்பிடக் கூடாது.